எலுமிச்சைச் சட்டம்

எலுமிச்சைச் சட்டம் என்பது, புதிதாக வாங்கிய மகிழுந்தில் தொடக்கத்திலேயே தோன்றிப் பலமுறை பழுது பார்த்தும் நீங்காத குறைபாட்டிற்காக, வாகனத்தை மாற்றித் தரவோ விலையைத் திருப்பித் தரவோ உற்பத்தியாளரைக் கட்டாயப்படுத்தும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டங்களின் பொதுப்பெயர் ஆகும். ஆங்கிலத்தில் லெமன் லா என வழங்கும் இப்பெயர் ஐக்கிய அமெரிக்காவில் தோன்றியது. இவ்வகைச் சட்டத்தை முதன்முதலில் 1982 ஆம் ஆண்டில் கனெடிகட் மாநிலம் இயற்றியது. 1990களில் அந்நாட்டின் 50 மாநிலங்களிலும் இத்தகைய சட்டங்கள் நடைமுறைக்கு வந்துவிட்டன. பின்னர் ஆசிய நாடுகள் சிலவும் இதே நோக்குடைய சட்டங்களை இயற்றின.

புதிய மகிழுந்துடன் வழங்கப்படும் வாரண்டி என்னும் உத்தரவாதம், பழுதைச் சரிசெய்து தருவதாக மட்டுமே பொதுவாக உறுதியளிக்கிறது. சரிசெய்தும் பழுது நீங்காவிட்டால், மீண்டும் சரிசெய்து தருவதே அதன்படியான கடமை ஆகும். இவ்வாறு எத்தனை முறை வாங்கியவர் வண்டியைப் பணிமனையில் விட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும் என்ற வினாவிற்கு உத்தரவாதப் பத்திரத்தில் விடை இருப்பதில்லை. அந்த விடையை ஓர் எண்ணாகச் சட்டத்தில் எழுதி வைத்ததே எலுமிச்சைச் சட்டத்தின் முதன்மையான பங்களிப்பு எனலாம்.

பெயர்க் காரணம்

அமெரிக்க வழக்குமொழியில், நல்லது என நம்பி வாங்கிப் பின்னர் பயனற்றது எனத் தெரியவரும் பொருளை எலுமிச்சை என்று குறிப்பிடும் வழக்கம் 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இருந்தது. நாளடைவில் இச்சொல் குறைபாடுள்ள மகிழுந்துக்கே உரிய சொல்லாக நிலைபெற்றது. 1960 ஆம் ஆண்டில் வோக்சுவாகன் நிறுவனம் வெளியிட்ட அமெரிக்க விளம்பரம் ஒன்று, தன் பீட்டில் மகிழுந்தின் படத்தின் கீழ் இந்த ஒற்றைச் சொல்லையே தலைப்பாக இட்டிருந்தது. சிறு கறை ஒன்றிற்காகத் தொழிற்சாலைப் பரிசோதகரால் ஒதுக்கப்பட்ட வண்டி அது என்பதே விளம்பரத்தின் செய்தி.

பொருளியலாளர் ஜார்ஜ் அக்கர்லோப் 1970 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையின் தலைப்பிலும் இச்சொல் இடம்பெற்றுள்ளது. பொருளின் தரம் விற்பவருக்குத் தெரிந்தும் வாங்குபவருக்குத் தெரியாமலும் இருக்கும்போது சந்தை எவ்வாறு சீர்குலைகிறது என்பதைப் பழைய மகிழுந்துச் சந்தையை எடுத்துக்காட்டாகக் கொண்டு அக்கட்டுரை விளக்கியது. இத்துறைப் பணிக்காக அவர் 2001 ஆம் ஆண்டில் மேலும் இருவருடன் பொருளியலுக்கான நோபல் நினைவுப் பரிசைப் பெற்றார்.

தமிழ்நாட்டில் புதிய வண்டிக்குப் பூசை செய்து, சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழத்தை வைத்து நசுக்கும் வழக்கத்திற்கும் இச்சட்டத்தின் பெயருக்கும் தொடர்பு ஏதும் இல்லை.

தொடக்கநிலைப் பழுதுகள்

நம்பகத்தன்மைப் பொறியியலில், பெருந்தொகையாக உற்பத்தி செய்யப்படும் பொருட்களின் பழுது வீதத்தைக் காலத்துடன் பொருத்தி வரைந்தால் கிடைக்கும் கோடு குளியல்தொட்டி வளைவு எனப்படுகிறது. தொடக்கத்தில் உயர்ந்து காணப்படும் பழுது வீதம் விரைவில் தாழ்ந்து, நெடுங்காலம் ஏறத்தாழச் சீராக இருந்து, பாகங்கள் தேயத் தொடங்கியபின் மீண்டும் உயர்கிறது. வளைவின் முதற்பகுதிக்குக் காரணமானவை தொடக்கநிலைப் பழுதுகள் ஆகும்.

இவை தேய்மானத்தால் வருவன அல்ல. வார்ப்பிலோ வெப்பப் பதப்படுத்தலிலோ நேர்ந்த குறை, சரியான அளவில் முறுக்கப்படாத மரை, முழுமையாகப் பொருந்தாத மின்னிணைப்பு, தவறாக அமர்ந்த அடைப்பு வளையம், கட்டுப்பாட்டுக் கணினியின் மென்பொருட் பிழை ஆகியன வழக்கமான காரணங்கள். தொழிற்சாலைச் சோதனையில் தப்பிவிடும் இத்தகைய குறைகள் பெரும்பாலும் முதற்சில ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டத்தில் வெளிப்படுகின்றன. இவற்றில் பெரும்பான்மையானவை ஒரே முறையில் சரிசெய்யப்பட்டு விடுகின்றன. எனவே தொடக்கத்தில் ஒரு பழுது ஏற்பட்டது என்பதற்காக மட்டும் ஒரு மகிழுந்தை எலுமிச்சை எனக் கருத இயலாது.

சிக்கலானவை இருவகை. முதல்வகையில், பழுதான பாகத்தை மாற்றியபின்பும் அதே பழுது மீண்டும் வருகிறது. உண்மையான காரணம் வேறு பாகத்தில் இருக்க, விளைவு மட்டும் சரிசெய்யப்படுவதால் இவ்வாறு நேரலாம். இரண்டாம் வகையில், பழுது இடையிடையே மட்டும் தோன்றுகிறது. குளிர்ந்த காலையிலோ, மழையிலோ, குறிப்பிட்ட வேகத்திலோ மட்டும் எழும் அதிர்வு, பணிமனையில் வண்டியை ஓட்டிப் பார்க்கும்போது எழாமல் போகலாம். அப்போது குறை எதுவும் காணப்படவில்லை என்று எழுதி வண்டி திருப்பித் தரப்படுகிறது. ஐக்கிய அமெரிக்காவில் 1996 ஆம் ஆண்டு மாதிரி மகிழுந்துகள் முதல் கட்டாயமாக்கப்பட்ட ஓபிடி-2 என்னும் உள்ளமைந்த பழுதறி முறைமை, பழுதுக் குறியீட்டையும் பழுது தோன்றிய நேரத்தின் எஞ்சின் வேகம், வெப்பநிலை போன்றவற்றையும் பதிவு செய்வதால் இவ்விடர்ப்பாடு ஓரளவு குறைந்துள்ளது. ஆயினும் ஒலி, அதிர்வு, நீர்க்கசிவு போன்றவை இதில் பதிவாவதில்லை.

வரலாறு

ஹென்னிங்சன் வழக்கு

1955 ஆம் ஆண்டு மே மாதம் நியூ செர்சி மாநிலத்தில் வாங்கப்பட்ட பிளிமத் மகிழுந்து ஒன்று, பத்து நாட்களில், 468 மைல் மட்டுமே ஓடியிருந்த நிலையில், திடீரென வலப்புறம் திரும்பிச் சுவரில் மோதியது. ஓட்டிச் சென்றவர் வாங்கியவரின் மனைவி. அடிப்பகுதியில் பேரொலி கேட்டதாகவும், திசைமாற்றிச் சக்கரம் கைகளுக்குள் சுழன்றதாகவும் அவர் கூறினார். முன்பகுதி மிகவும் சிதைந்துவிட்டதால் எந்தப் பாகம் முதலில் பழுதுற்றது என்பதை உறுதிசெய்ய இயலவில்லை.

விற்பனைப் பத்திரத்தின் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டிருந்த உத்தரவாதம், 90 நாட்கள் அல்லது 4,000 மைலுக்குள் பழுதான பாகத்தை மாற்றித் தருவதுடன் உற்பத்தியாளரின் கடமையை முடித்துக்கொண்டது. பெரிய நிறுவனங்கள் அனைத்தும் ஒரே வாசகத்தைப் பயன்படுத்தியதால் வாங்குபவருக்கு வேறு தெரிவும் இல்லை. ஹென்னிங்சன் எதிர் புளூம்ஃபீல்டு மோட்டார்சு என அறியப்படும் இவ்வழக்கில், 1960 ஆம் ஆண்டில் தீர்ப்பளித்த நியூ செர்சி உச்ச நீதிமன்றம், பொறுப்பை இவ்வாறு சுருக்கிக்கொள்வது பொதுநலனுக்கு முரணானது எனக் கூறி அந்நிபந்தனையைச் செல்லாததாக்கியது. விற்கப்படும் மகிழுந்து அதன் பயன்பாட்டிற்குத் தகுதியானது என்ற உள்ளுறை உத்தரவாதம் உற்பத்தியாளருக்கும் உண்டு என்பதும், நேரடி ஒப்பந்தம் இல்லாத மனைவிக்கும் அதன் பயன் உண்டு என்பதும் தீர்ப்பின் முடிவுகள்.

சப்ரிஸ்கி செவர்லே வழக்கு

1967 பெப்ரவரியில் அதே மாநிலத்தில் விற்பனையகத்திலிருந்து புறப்பட்ட புதிய செவர்லே மகிழுந்து ஒன்று, ஒரு மைல் தொலைவைக்கூடக் கடக்காமல் சாலைச் சைகை விளக்கருகே நின்றது. மீண்டும் இயக்கியபோது மிகத் தாழ்ந்த கியரில் மட்டுமே நகர்ந்தது. வாங்கியவர் அதனை ஊர்ந்தவாறே வீட்டிற்குக் கொண்டு சேர்த்துவிட்டு, தாம் கொடுத்த காசோலைக்குப் பணம் வழங்குவதை வங்கியில் நிறுத்திவைத்தார். தமக்கு ஓர் எலுமிச்சை விற்கப்பட்டுவிட்டதாக விற்பனையாளரிடம் தொலைபேசியில் கூறி, வண்டியையும் ஏற்க மறுத்தார். விற்பனையாளரோ காட்சிக்கு வைத்திருந்த மற்றொரு மகிழுந்தின் கியர் பெட்டியைக் கழற்றி இதில் பொருத்திவிட்டு, பணம் கேட்டு வழக்குத் தொடர்ந்தார்.

சீர்மை வணிகச் சட்டத்தொகுப்பின்படி, விற்ற பொருளின் குறையைத் திருத்திக்கொள்ள விற்பவருக்கு வாய்ப்பு உண்டு. எனினும் 1968 ஆம் ஆண்டில் தீர்ப்பளித்த நீதிமன்றம், வேறொரு வண்டியின் கியர் பெட்டியைப் பொருத்துவது அத்தகைய திருத்தம் ஆகாது எனக் கூறி வாங்கியவருக்குச் சார்பாக முடிவு செய்தது. புதிய மகிழுந்துக்காக ஒருவர் பெருந்தொகை செலவிடுவது அதன்மீது கொண்ட நம்பிக்கையினால் என்றும், அந்நம்பிக்கை குலைந்தபின் பொருளின் மதிப்பும் குலைகிறது என்றும் நீதிமன்றம் கருதியது. இது பின்னர் நம்பிக்கை குலைவுக் கோட்பாடு என அறியப்பட்டது.

மாக்னசன்-மாசு உத்தரவாதச் சட்டம்

இத்தீர்ப்புகள் வாங்குவோருக்கு உரிமை உண்டு என்பதைக் காட்டினாலும், ஒவ்வொருவரும் தனித்தனியே வழக்காட வேண்டியிருந்தது. வழக்குச் செலவோ பல வேளைகளில் மகிழுந்தின் விலையை எட்டியது. 1975 சனவரியில் குடியரசுத் தலைவர் செரால்டு போர்டு கையொப்பமிட்ட மாக்னசன்-மாசு உத்தரவாதச் சட்டம் நாடு முழுவதற்குமான விதிகளை வகுத்தது. உத்தரவாத வாசகம் எளிய நடையில் இருத்தல் வேண்டும் என்பதும், வழக்கில் வெல்லும் நுகர்வோருக்கு வழக்கறிஞர் கட்டணத்தை எதிர்த்தரப்பு செலுத்துமாறு நீதிமன்றம் ஆணையிடலாம் என்பதும் இவற்றுள் முக்கியமானவை.

நியாயமான எண்ணிக்கையிலான முயற்சிகளுக்குப் பின்னும் பழுது நீங்காவிட்டால் மாற்றுப்பொருளோ விலையோ தரவேண்டும் என்ற விதியும் இச்சட்டத்தில் இருந்தது. ஆனால் முழு உத்தரவாதம் எனக் குறிக்கப்பட்ட பொருட்களுக்கே அது பொருந்தும். மகிழுந்து நிறுவனங்கள் வரையறுக்கப்பட்ட உத்தரவாதத்தையே வழங்கியதால், அவ்விதி மகிழுந்து வாங்குவோருக்குப் பெரிதும் பயன்படவில்லை. மேலும் நியாயமான எண்ணிக்கை எது என்பதும் வரையறுக்கப்படவில்லை.

கனெடிகட் சட்டம்

இவ்விடைவெளியை நிரப்பும் நோக்கில், சான் வுட்காக் என்னும் சட்டமன்ற உறுப்பினர் முன்வைத்த சட்டம் 1982 ஆம் ஆண்டில் கனெடிகட் மாநிலத்தில் நிறைவேறியது. ஒரே குறைபாட்டிற்காக நான்கு முறை பழுது பார்த்தும் அது நீடித்தாலோ, பழுதுகளுக்காக வாகனம் மொத்தம் 30 நாட்கள் பயன்பாட்டிற்குக் கிடைக்காமற் போனாலோ, நியாயமான வாய்ப்பு வழங்கப்பட்டுவிட்டது எனக் கொள்ளலாம் என்று அச்சட்டம் வரையறுத்தது. அதே ஆண்டில் கலிபோர்னியாவும், 1983 ஆம் ஆண்டில் நியூயார்க்கும் இதனையொத்த சட்டங்களை இயற்றின. நீதிமன்றம் செல்லாமலே தீர்வு காண உதவும் வகையில், மாநில அரசே நடத்தும் நடுவர் விசாரணை முறையைக் கனெடிகட் 1984 ஆம் ஆண்டில் ஏற்படுத்தியது.

செயல்படும் முறை

மாநிலத்துக்கு மாநிலம் விவரங்கள் வேறுபட்டாலும் அடிப்படை அமைப்பு ஒன்றே. முதலாவதாக, குறைபாடு வாகனத்தின் பயன்பாட்டையோ, மதிப்பையோ, பாதுகாப்பையோ கணிசமாகப் பாதிப்பதாக இருக்க வேண்டும். வானொலிக் குமிழ் தளர்ந்திருப்பது போன்ற சிறு குறைகள் இதில் அடங்கா. விபத்து, கவனக்குறைவான பயன்பாடு, உரிமையாளர் செய்த மாற்றங்கள் ஆகியவற்றால் விளைந்த பழுதுகளும் அடங்கா.

இரண்டாவதாக, குறைபாடு குறித்த காலத்திற்குள் அல்லது தொலைவிற்குள் வெளிப்பட வேண்டும். சில மாநிலங்களின் வரையறைகள் வருமாறு:

கலிபோர்னியா: 18 மாதங்கள் அல்லது 18,000 மைல். நான்கு முயற்சிகள், அல்லது 30 நாட்களுக்கு மேல் பணிமனையில் இருத்தல். உயிரிழப்போ கடுங்காயமோ விளைவிக்கத்தக்க குறைபாடாயின் இரண்டு முயற்சிகள்.

நியூயார்க்: இரண்டு ஆண்டுகள் அல்லது 18,000 மைல். நான்கு முயற்சிகள் அல்லது 30 நாட்கள்.

புளோரிடா: 24 மாதங்கள். மூன்று முயற்சிகளுக்குப் பின் உற்பத்தியாளருக்கு எழுத்துமூலம் அறிவித்து, இறுதியாக ஒரு வாய்ப்பு வழங்க வேண்டும்.

இவ்வெண்கள் சட்டத்தின் ஊகங்கள் ஆகும். அதாவது, இவை எட்டப்பட்டால் போதிய வாய்ப்பு வழங்கப்பட்டது என நடுவர் அல்லது நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். அவ்வாறு அன்று என மெய்ப்பிக்கும் சுமை உற்பத்தியாளரைச் சாரும். கலிபோர்னியாவில் இவ்வெண்களை எட்டாத வாங்குநரும் வேறு சான்றுகளைக் கொண்டு வழக்காடலாம்.

விலையைத் திருப்பித் தரும்போது, பழுது தோன்றுமுன் வாகனத்தைப் பயன்படுத்தியதற்காக ஒரு தொகை கழிக்கப்படுவது வழக்கம். கலிபோர்னியாவில், முதன்முறையாகப் பழுதுக்குக் கொண்டுவந்தபோது ஓடியிருந்த மைல்களை 120,000 ஆல் வகுத்து, விலையால் பெருக்கி இத்தொகை கணக்கிடப்படுகிறது. எடுத்துக்காட்டாக, 30,000 டாலர் விலையுள்ள மகிழுந்து 6,000 மைல் ஓடியபோது முதன்முதலில் அப்பழுதுக்காகக் கொண்டுவரப்பட்டிருந்தால் கழிவு 1,500 டாலர் ஆகும். அதன்பின் பழுதுடன் ஓடிய தொலைவு கணக்கில் சேராது. எனவே முதல் முறையீட்டின் நாளும் அன்றைய ஓட்டத் தொலைவும் பதிவாகியிருத்தல் வாங்கியவருக்கு நேரடியாகப் பணப்பயன் தருகிறது.

சான்றாவணங்கள்

எண்ணிக்கையை அடிப்படையாகக் கொண்ட சட்டம் ஆதலால், எண்ணிக்கையை மெய்ப்பிக்கும் ஆவணங்களே இதில் முடிவைத் தீர்மானிக்கின்றன. வாய்மொழியாகத் தெரிவித்து, பணிமனையினர் பதிவின்றிச் சரிபார்த்துத் தந்த முறைகளை முயற்சிகளாக மெய்ப்பிப்பது கடினம். பொதுவாகத் தேவைப்படும் ஆவணங்கள்:

விற்பனை ஒப்பந்தம், உத்தரவாதக் கையேடு, கடன் ஒப்பந்தம்.

ஒவ்வொரு முறையும் பணிமனை வழங்கிய பணி அட்டை. இந்தியாவில் இது ஜாப் கார்டு என அறியப்படுகிறது. வண்டியை விட்ட நாள், திரும்பப் பெற்ற நாள், ஓட்டத் தொலைவு, செய்த வேலை ஆகியன அதில் இருத்தல் வேண்டும். பழுது காணப்படவில்லை எனத் திருப்பித் தரும்போதும் இந்த அட்டையைப் பெறுதல் இன்றியமையாதது.

முறையீட்டின் வாசகம். ஒரே பழுது ஒருமுறை அதிர்வு என்றும், அடுத்தமுறை ஒலி என்றும், பின்னர் பொதுச் சோதனை என்றும் எழுதப்பட்டால், அவை மூன்று வெவ்வேறு முறையீடுகளாகத் தோற்றமளிக்கும். ஒரே சொற்களில் எழுதுவித்தல் இச்சிக்கலைத் தவிர்க்கும்.

இடையிடையே தோன்றும் பழுதெனில், அது எழும்போது எடுத்த ஒளிப்படம், நிகழ்படம், ஒலிப்பதிவு. தோன்றிய நாள், நேரம், வேகம், வானிலை ஆகியவற்றின் குறிப்பு. முடிந்தால் பணிமனை வல்லுநரை உடன் அமர்த்தி ஓட்டிக் காட்டுதல்.

உற்பத்தியாளருக்கு அனுப்பிய எழுத்துமூல அறிவிப்பும் அது சேர்ந்ததற்கான அஞ்சல் சான்றும். விற்பனை முகவரிடம் தெரிவிப்பது மட்டும் பல மாநிலங்களில் போதுமானதன்று.

வழக்கு நடைபெறும் காலத்திலும் கடன் தவணையை நிறுத்துவது உகந்ததன்று. கடன் பெரும்பாலும் வேறு நிறுவனத்துடனான தனி ஒப்பந்தம் ஆதலால், தவணை தவறினால் வாகனம் பறிமுதலாகக் கூடும். அத்துடன் சான்றாகக் காட்ட வேண்டிய பொருளும் கைநழுவிப் போகும். இதே காரணத்தால், பழுதான பாகத்தை வெளிப் பணிமனையில் தாமாக மாற்றிவிடுவதும் வழக்கை வலுவிழக்கச் செய்யும்.

திரும்பப் பெற்ற வாகனங்கள்

உற்பத்தியாளர் திரும்பப் பெற்ற மகிழுந்து பெரும்பாலும் அழிக்கப்படுவதில்லை. பழுது நீக்கப்பட்டு மீண்டும் விற்கப்படுகிறது. கலிபோர்னியாவில் இத்தகைய வாகனத்தின் உரிமைப் பத்திரத்தில் எலுமிச்சைச் சட்டத்தின்கீழ்த் திரும்பப் பெற்றது எனக் குறிக்கப்படுவதுடன், இடப்புறக் கதவுச் சட்டத்தில் ஒட்டுவில்லை ஒன்றும் ஒட்டப்பட வேண்டும். அடுத்து வாங்குபவருக்குக் குறைபாட்டை எழுத்தில் தெரிவிக்கவும் வேண்டும். இக்குறிப்பு மறையும் வகையில் வேறு மாநிலத்தில் மறுபதிவு செய்து விற்கும் முறைகேடு எலுமிச்சை வெளுப்பு எனப்படுகிறது.

திரும்ப அழைத்தலுடன் வேறுபாடு

எலுமிச்சைச் சட்டமும் திரும்ப அழைத்தலும் வெவ்வேறானவை. ஒரு மாதிரியின் பல வாகனங்களுக்கும் பொதுவான பாதுகாப்புக் குறைபாடு கண்டறியப்படும்போது, உற்பத்தியாளர் அவற்றை அழைத்து இலவசமாகச் சரிசெய்வதே திரும்ப அழைத்தல். ஐக்கிய அமெரிக்காவில் இது 1966 ஆம் ஆண்டின் தேசியப் போக்குவரத்து மற்றும் மோட்டார் வாகனப் பாதுகாப்புச் சட்டத்தின்படி நடைபெறுகிறது. எலுமிச்சைச் சட்டமோ ஒரு தனி வாகனத்தையும் அதன் பழுது வரலாற்றையும் பற்றியது. அதே மாதிரியின் பிற வண்டிகள் அனைத்தும் நன்றாக ஓடினாலும், இந்த ஒரு வண்டிக்குத் தீர்வு கோரலாம்.

பிற நாடுகளில்

சீனா: 2013 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, 60 நாட்கள் அல்லது 3,000 கிலோமீட்டருக்குள் திசைமாற்றியோ தடுப்பியோ செயலிழத்தல், உடற்சட்டம் பிளத்தல், எரிபொருள் கசிதல் ஆகியன நேர்ந்தால் வாகனத்தைத் திருப்பித் தரவோ மாற்றவோ கோரலாம். திருத்தப்பட்ட விதிகள் 2022 ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தன.

பிலிப்பீன்சு: 2014 ஆம் ஆண்டின் குடியரசுச் சட்டம் 10642. முதல் 12 மாதங்கள் அல்லது 20,000 கிலோமீட்டர். ஒரே குறைபாட்டிற்கு நான்கு முயற்சிகள்.

தென் கொரியா: 2019 சனவரி 1 முதல். கடுமையான குறைபாடு இரண்டு முறையும், பொதுவான குறைபாடு மூன்று முறையும் சரிசெய்தபின் மீண்டும் தோன்றினால் மாற்றவோ திருப்பித் தரவோ கோரலாம்.

சிங்கப்பூர்: 2012 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. மகிழுந்துக்கு மட்டுமன்றிப் பொதுவான நுகர்பொருட்களுக்கும் பொருந்தும். பொருளைப் பெற்ற ஆறு மாதங்களுக்குள் தோன்றும் குறை, பெற்றபோதே இருந்ததாகக் கொள்ளப்படும். முதலில் பழுது நீக்கம் அல்லது மாற்றுப்பொருள். அது இயலாவிடில் விலைக் குறைப்பு அல்லது பணம் திரும்பப் பெறுதல்.

ஐக்கிய இராச்சியம்: தனி எலுமிச்சைச் சட்டம் இல்லை. 2015 ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைகள் சட்டப்படி, குறையுள்ள பொருளை முதல் 30 நாட்களுக்குள் மறுத்து முழு விலையையும் பெறலாம். அதன்பின் விற்பவருக்குப் பழுது நீக்க ஒரு வாய்ப்பு உண்டு. அது பலனளிக்காவிடில் பொருளை மறுக்கலாம். முதல் ஆறு மாதங்களில் மறுக்கப்படும் பிற பொருட்களுக்குப் பயன்பாட்டுக் கழிவு இல்லை. மோட்டார் வாகனங்களுக்கு மட்டும் விதிவிலக்காகக் கழிவு அனுமதிக்கப்படுகிறது.

இந்தியாவில்

இந்தியாவில் முயற்சிகளின் எண்ணிக்கையை வரையறுக்கும் தனிச் சட்டம் இல்லை. புதிய மகிழுந்தின் குறைபாடு பற்றிய முறையீடுகள் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் விசாரிக்கப்படுகின்றன. 1986 ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு மாற்றாக இயற்றப்பட்ட 2019 ஆம் ஆண்டுச் சட்டம் 2020 சூலை 20 அன்று நடைமுறைக்கு வந்தது. குறைபாட்டை நீக்குதல், பொருளை மாற்றித் தருதல், விலையைத் திருப்பித் தருதல், இழப்பீடு வழங்குதல் ஆகியவற்றுக்கு ஆணையிட நுகர்வோர் ஆணையங்களுக்கு அதிகாரம் உண்டு.

2021 திசம்பரில் வெளியிடப்பட்ட விதிகளின்படி, செலுத்திய விலை 50 இலட்சம் ரூபாய் வரையெனில் மாவட்ட ஆணையத்திலும், அதற்கு மேல் 2 கோடி ரூபாய் வரை மாநில ஆணையத்திலும், அதற்கு மேல் தேசிய ஆணையத்திலும் முறையிட வேண்டும். வழக்கிற்கான காரணம் எழுந்ததிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிடல் வேண்டும். முறையிடுபவர் தாம் வசிக்கும் இடத்திற்குரிய ஆணையத்தையே அணுகலாம் என்பது 2019 ஆம் ஆண்டுச் சட்டம் தந்த வசதி. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணும் உள்ளது.

இவ்வழக்குகளில் மையமான வினா, பழுது உற்பத்திக் குறைபாடா அன்றா என்பதாகும். உச்ச நீதிமன்றம் 2006 ஆம் ஆண்டில் வழங்கிய தீர்ப்பு ஒன்றில், உத்தரவாதம் பழுதான பாகத்தைச் சரிசெய்யவோ மாற்றவோ மட்டுமே உறுதியளித்திருக்கும்போது மகிழுந்தையே மாற்றித் தருமாறு ஆணையிட்டது பொருத்தமன்று எனக் கூறியது. 2010 ஆம் ஆண்டின் மற்றொரு வழக்கில், சார்பற்ற வல்லுநர் ஆய்ந்து உள்ளார்ந்த உற்பத்திக் குறைபாடு இருப்பதாகக் கண்டால் விலையைத் திருப்பித் தரவேண்டும் என ஆணையிட்டது. ஆகவே வல்லுநர் அறிக்கை பெரும் முக்கியத்துவம் பெறுகிறது. சோதனையின்றி முடிவு செய்ய இயலாத குறைபாடெனில், தகுந்த ஆய்வகத்திற்கு அனுப்பிச் சோதிக்க ஆணையத்திற்குச் சட்டம் வழிசெய்கிறது. அதற்கான கட்டணத்தை முதலில் முறையிடுபவர் செலுத்த நேரலாம்.

உற்பத்தியாளரும் விற்பனை முகவரும் தனித்தனி நிறுவனங்களாக இயங்குவதால், இருவரையும் எதிர்த்தரப்பினராகச் சேர்ப்பது வழக்கம். முகவர் தாமாகச் செய்த தவற்றுக்கு, அதனை அறியாத உற்பத்தியாளரைப் பொறுப்பாக்க இயலாது என்று 2021 ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பளித்துள்ளது.

2019 ஆம் ஆண்டின் மோட்டார் வாகன (திருத்த) சட்டம், குறைபாடுள்ள வாகனங்களைத் திரும்ப அழைக்குமாறு உற்பத்தியாளருக்கு ஆணையிட ஒன்றிய அரசுக்கு அதிகாரம் வழங்கியது. இதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. இது மேற்கூறிய திரும்ப அழைத்தல் வகையைச் சார்ந்தது; தனி வாகனத்திற்கான எலுமிச்சைச் சட்டம் ஆகாது.

விமரிசனங்கள்

உற்பத்தியாளர்களின் நிதியில் இயங்கும் நடுவர் விசாரணை அமைப்புகளின் நடுநிலைமை பற்றி நுகர்வோர் அமைப்புகள் ஐயம் எழுப்பியுள்ளன. மறுபுறம், எளிதில் தீர்க்கத்தக்க முறையீடுகளும் வழக்கறிஞர் கட்டணத்திற்காக வழக்குகளாக மாற்றப்படுகின்றன என்பது உற்பத்தியாளர் தரப்பின் வாதம். கலிபோர்னியா 2024 ஆம் ஆண்டில் வழக்கு நடைமுறைகளையும் கால வரம்புகளையும் மாற்றும் சட்டம் ஒன்றை இயற்றியது.

எண்ணிக்கை முறைக்கே உரிய குறையும் உண்டு. நான்கு வெவ்வேறு பாகங்கள் ஒவ்வொரு முறை பழுதாகும் வண்டி, ஒரே பாகம் நான்கு முறை பழுதாகும் வண்டியைப் போன்றே உரிமையாளரை அலைக்கழிக்கலாம். ஆனால் முயற்சிகளின் எண்ணிக்கை அதற்கு உதவாது. பணிமனையில் கழிந்த மொத்த நாட்களின் கணக்கே உதவும். இக்காரணத்தாலேயே பெரும்பாலான சட்டங்கள் இரண்டு அளவுகோல்களையும் ஒருங்கே கொண்டுள்ளன. மேலும், பணிமனைக்கு வராமலே இணையவழி மென்பொருள் இற்றைப்படுத்தலால் பழுது நீக்க முயலும் மகிழுந்துகள் பெருகியுள்ளன. பணி அட்டையின்றி நிகழும் இத்தகைய திருத்தங்களை முயற்சிகளாகக் கணக்கிடுவது, பணிமனை வருகைகளை மனத்திற்கொண்டு எழுதப்பட்ட சட்டங்களுக்குப் புதிய சிக்கலாக உள்ளது.